கோழிகளுக்கு உறையாத தண்ணீர்

மோர்டனிலும் கோலியர்ஸ் வுட்டிலும் என்னோடு வளர்ந்தவர்களே, இது உங்களுக்குத்தான். போன மாதம் ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டு மண்டபத்தில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி இருந்தோம் அல்லவா. ஆளுக்கு ஆள் முழங்கால் நோவையும் நரைத்த தலைக்குப் பூசும் மையையும் பற்றிக் கதைத்து முடித்த பிறகு, உங்களில் ஒருவன் சொன்னான்: "சின்னனில எங்கட வீட்டு பெல் அடிச்சா எல்லாரும் நிலத்தில படுத்திடுவம்." மேசை முழுக்கச் சிரித்தது. "எங்கட வீட்டிலும்தான்" என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த வட்டிலப்பத்தைக்கூட நான் தொடவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஊரில் சண்டை ஓய்ந்து, வன்னிப் பாதை திறந்து, லண்டனில் இருந்த சனமெல்லாம் சூட்கேசைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடிய காலம். அப்படி ஓடியவர்களில் ஒருவர் கோழி அன்ரி. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மாவோடு முன்பு ஒரே சாண்ட்விச் பக்டரியில் வேலை செய்தவர். கோலியர்ஸ் வுட்டில் தனியே இருந்தார். பின்வளவில் ஐந்து கோழி வளர்த்தார், அதனால் அந்தப் பெயர். கனகாலத்துக்குப் பிறகு தாயைப் பார்க்கப் போகிறார், கோழிகளை எங்கே விடுவது என்று தெரியவில்லை. அப்பாதான் முந்திக்கொண்டு, "எங்கட வீட்டில விடுங்கோ" என்று சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம் அவர் மினிகாப்பில் வந்து இறங்கினார். உடுப்புக் கூடை இரண்டு, மேலே பழைய சேலையால் கட்டு, உள்ளே கோழிகள். காப் ஓட்டி வந்தவனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மண்ணிறத்தில் இரண்டு, வெள்ளையில் இரண்டு, கறுப்பில் சின்னதாக ஒன்று. மற்ற நாலையும் அன்ரி "பிள்ளையள்" என்றுதான் சொல்வார். கறுப்புக்கு மட்டும் கறுப்பி என்று பெயர் இருந்தது.

"மாஸ்டர், தீன் ஒரு நேரம் பிந்தினாலும் பரவாயில்லை," என்றார் அன்ரி. "தண்ணி மட்டும் பிந்தக் கூடாது. கோழி பசி பொறுக்கும், தாகம் பொறாது. குளிர் வந்தா ஐஸைத்தான் கொத்திக்கொண்டு நிக்குங்கள், தண்ணி எண்டு நினைச்சு."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்றார் அப்பா. "அதுகள் என்ர பொறுப்பு."

"மாஸ்டரிட்ட விட்டிட்டுப் போறன் எண்டபடியால்தான் நான் நிம்மதியாப் போறன்." அன்ரி கூடைக்குள் கையை விட்டுக் கறுப்பியின் கழுத்தைத் தடவினார். "இந்த ஊரில நான் கூப்பிட்டா ஓடி வாறது இதுகள் மட்டும்தான்."

அந்த மாஸ்டர் என்ற சொல்லை நான் விளக்க வேண்டும். அப்பா ஊரில் ஏ.எல். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்தவர். லண்டனில் பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட். அங்கே வருகிறவர்கள் அவரை மேட் என்றார்கள், பொஸ் என்றார்கள், சில பேர் ஒன்றுமே சொல்லாமல் காசை எறிந்துவிட்டுப் போனார்கள். மாஸ்டர் என்று கூப்பிட மிஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலர். கோழி அன்ரி கூப்பிட்டால் அப்பாவின் முதுகு தானாக நிமிரும். வெங்காயம் உரித்தால் கண் ஏன் எரிகிறது, தோசைமா ஏன் பொங்குகிறது என்று எங்களுக்கு வகுப்பெடுப்பதற்கு அவருக்கு உற்சாகம் வந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். அன்ரி போன கையோடு பழைய அலுமாரிக் கதவையும் கம்பி வலையையும் எடுத்து, பின்வளவில் பலகை வேலியோடு சேர்த்துக் கூடு அடித்தார். மூன்று பக்கம் வலை, ஒரு பக்கம் அந்த வேலியே. அந்த வேலியில் ஒரு பலகை கீழே கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தனியே இருந்தா. ஊதாக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பூச்செடிகளுக்குள் குனிந்தபடி நிற்பா. அம்மாவுக்கும் அவவுக்கும் ஒத்துவராது. ஒருமுறை எங்கள் பின்வளவுக் கொட்டிலைப் பார்க்க கவுன்சில்காரன் வந்தான். கிழவிதான் சொல்லிக் கொடுத்தது என்று அம்மா முடிவு கட்டிவிட்டா. சாட்சி ஒன்றும் கிடையாது. கோழி வந்த அடுத்த நாள் கிழவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "லவ்லி" என்று சிரித்தா. அம்மா உள்ளே வந்து, "கண் வைக்கிறாள்" என்றா.

பிறகு குளிர் இறுகியது. முதலில் புல்லு வெள்ளையானது, பிறகு ஸ்நோ கொட்டியது. ரோட்டில் கார்ச் சத்தம் இல்லை. பின்வளவுக் குழாயிலிருந்து ஐஸ் ஒரு முழத்துக்குத் தொங்கியது. கோழிகள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, இறகை ஊதிப் பெருப்பித்துக்கொண்டு, கோபித்த மாமியார்கள் போல நின்றன.

தண்ணீர் வைப்பது ஐஸ்கிரீம் பெட்டியில். நாலு லீற்றர் வனிலா. அந்தப் பெட்டியை உங்களுக்குத் தெரியும். ஆசையோடு மூடியைத் திறந்தால் உள்ளே பருப்புக்கறி இருக்கும். எத்தனை தரம் ஏமாந்திருப்போம். காலையில் நான் போய்ப் பார்த்தால் பெட்டித் தண்ணீர் ஒரே கட்டி. கவிழ்த்துத் தட்டினால் பெட்டியின் வடிவத்திலேயே ஐஸ் வெளியே விழும். உள்ளே ஒரு இறகு, ஒரு வைக்கோல் துண்டு, ஒரு சோளமணி. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். அதற்குள் கோழிகள் வந்து என் சப்பாத்தைக் கொத்தும்.

கேத்திலில் சுடவைத்து, பச்சைத் தண்ணீர் கலந்து, ஓட்டமாகக் கொண்டு போய் ஊற்றுவேன். அவை தலையைக் குனிந்து ஒரு வாய் எடுத்து, அண்ணாந்து விழுங்கி, மறுபடி குனியும். என் விரல்கள் கேத்தில் பிடியில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடம் போக யூனிபோர்ம் போட்டு வந்து பார்த்தால் தண்ணீரில் பாலாடை போல ஐஸ் படர்ந்திருக்கும். அம்மா பக்டரிக்குப் போய்விடுவா. அப்பா இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து நித்திரை. பின்னேரம் நான் வரும்வரை கோழிகளுக்கு ஐஸ்தான். அவை அதைக் கொத்திய அடையாளம் சின்னச் சின்னக் குழியாகத் தெரியும். அன்ரி சொன்னது அப்படியே நடந்தது. பெட்டியைக் கம்பளியால் சுற்றிப் பார்த்தோம், அடியில் சுடுதண்ணிப் பை வைத்துப் பார்த்தோம். பையும் கல்லாகிவிட்டது.

"இஞ்சேரும்," என்று அப்பா ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டார். குரலிலேயே வகுப்பறை தெரிந்தது. "றோட்டில ஏன் லொறியில வந்து உப்புக் கொட்டிக்கொண்டு போறான்? உப்புக் கரைஞ்சா தண்ணியின்ர உறைநிலை இறங்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம். இவ்வளவு நாளும் எனக்கு ஏன் ஓடேல்லை?"

"உப்புத் தண்ணியைக் கோழி குடிக்குமே?"

"கடற்காகம் கடல் தண்ணிதானே குடிக்குது? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு சும்மாவே சொன்னவை?"

அப்பா இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகளை வாசற்படியில் வைத்தார். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் உப்புத் தண்ணீர். தேத்தண்ணி குடித்துவிட்டு மூவரும் போய்ப் பார்த்தோம். வெறும் தண்ணீரில் ஐஸ் பிடித்திருந்தது. உப்புத் தண்ணீர் அப்பா ஆட்ட ஆட்டத் தளும்பியது. நான் கை தட்டினேன். அப்பா வெஸ்ட் ஈலிங் மாமாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் விட்டார்.

"மாஸ்டர் எண்டா மாஸ்டர்தான்," என்றார் மாமா. "லண்டன் குளிருக்கும் மூளை உறையேல்லை."

அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. லண்டனுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

விடிய வேலையால் வந்ததும் அப்பாவே பெட்டியில் உப்புத் தண்ணீர் வைத்துவிட்டுப் படுப்பார். இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து அள்ளிய உப்பு. முதலில் கோழிகள் கிட்ட வந்து மணந்து பார்த்துவிட்டு விலகின. "தாகம் வந்தா குடிக்கும்," என்றார் அப்பா. தாகம் வந்தது. குடித்தன. குடித்துவிட்டு மறுபடி வந்து குடித்தன. அம்மா சமையலறை யன்னலால் பார்த்துவிட்டு, "பாருங்கோ, எப்பிடிக் குடிக்குதுகள், பாவங்கள்," என்று சந்தோஷப்பட்டா.

ஒரு விஷயம் மட்டும் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. பின்னேரம் எழும்பிப் போய்ப் பார்த்தால் பெட்டியில் ஐஸ் இருந்தது. மெல்லிய ஐஸ், விரலால் குத்தினால் உடையும். ஆனாலும் ஐஸ்.

"இது நடக்கேலாது," என்றார். அடுத்த நாள் உப்பைக் கூட்டினார். அன்று பின்னேரமும் ஐஸ். "இங்கத்தைய உப்பு தரமில்லை" என்று பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் கூட்டினார். சமன்பாடு பிழைத்துப்போன மாணவன் மாதிரி ஒரு முகம்.

ஸ்நோ இன்னும் கொட்டிப் பள்ளிக்கூடம் மூடியது, அம்மாவின் பஸ்ஸும் ஓடவில்லை. மூன்று பேரும் வீட்டில் இருந்த ஒரு மத்தியானம் பெல் அடித்தது.

அடித்தால் என்ன செய்வோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா ரிமோட்டை எடுத்து ரீவியின் சத்தத்தைக் குறைத்தா. நான் சோபாவுக்குப் பின்னால் கார்ப்பெட்டில் படுத்தேன். ரீவி லைசென்ஸ்காரனாக இருக்கலாம், கவுன்சிலாக இருக்கலாம், விசா பார்க்கிற ஹோம் ஒபிஸாக இருக்கலாம். எங்களுக்குப் பேப்பர்ஸ் எல்லாம் கிடைத்து வருஷங்கள் ஆகியிருந்தன. லைசென்சும் கட்டியிருந்தோம். ஒளிக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனாலும் படுத்தோம். அப்பா மேலே நித்திரையால் எழும்பி, கட்டிலிலேயே அசையாமல் இருந்தார்.

அம்மா திரைச்சீலை ஓரத்தால் பார்த்துவிட்டு வந்து என் காதுக்குள் சொன்னா: "கிழவி."

"என்னவாம்?"

"வேறென்ன, கோழி மணக்குது எண்டு சொல்ல வந்திருப்பாள். பேசாமல் கிட."

மறுபடி பெல். பிறகு கதவில் தட்டும் சத்தம். பிறகு கடிதம் போடுகிற துவாரத்தின் மூடி திறந்தது. அதற்குள்ளால் வந்த குளிர் நிலத்தோடு ஊர்ந்து என் முகத்தில் பட்டது. "ஹலோ?" என்றது குரல். "உங்கள் கோழிகளைப் பற்றி..." என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. அம்மா தன் வாயில் விரலை வைத்து என்னைப் பார்த்தா. மூடி விழுந்தது. ஸ்நோவில் கால் புதையும் சத்தம் மெல்ல மெல்லப் போனது. அடுத்த நாளும் கிழவி வந்தா. அதற்கடுத்த நாளும் வந்தா. நாங்கள் ஒவ்வொரு முறையும் படுத்தோம்.

இதற்கிடையில் வெள்ளைக் கோழியில் ஒன்று தள்ளாடத் தொடங்கியது. நடக்கும், பக்கவாட்டில் சாயும், நிமிரும். குடிகாரன் போல. அம்மா காய்ந்த மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு போய்க் கோழிகளைச் சுற்றி நாவூறு கழித்து, கொண்டுவந்து அடுப்பில் எரித்தா. ஸ்மோக் அலாரம் அலறி, அப்பா நித்திரையால் பாய்ந்து எழும்பி, கதிரையில் ஏறித் துவாயால் விசிறி, பெரிய அமளி. மிளகாய் மணம் ஒன்றும் வரவில்லை, கடும் கண்ணூறுதான் என்றா அம்மா.

அன்று மத்தியானமே அம்மா மேல் அறை யன்னலிலிருந்து கண்டுவிட்டா.

"இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ. இஞ்ச வந்து பாருங்கோ."

மூவரும் பார்த்தோம். வேலியில் கழன்ற பலகை ஒரு பக்கம் தள்ளியிருந்தது. அந்த இடைவெளியால் கம்பளிக் கையுறை போட்ட ஒரு கை உள்ளே வந்தது. எங்கள் ஐஸ்கிரீம் பெட்டியைச் சரித்து இருந்த தண்ணீரை ஸ்நோவில் ஊற்றியது. பிறகு ஒரு பூவாளியின் மூக்கு உள்ளே வந்து வேறு எதையோ பெட்டிக்குள் ஊற்றியது. அதிலிருந்து ஆவி பறந்தது. கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்து குடித்தன.

"நஞ்சு," என்றா அம்மா. "நஞ்சு ஊத்துறாள்."

ஒரு கிழவி ஐந்து கோழிக்கு நஞ்சு வைப்பாள் என்று நம்ப எனக்கு ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் திகைத்துத்தான் நின்றார். பிறகு அவர் முகத்தில் திகைப்புக்குள்ளால் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்டேன்.

"அதுதான் ஐஸ் பிடிச்சது," என்றார். "என்ர தண்ணியை ஊத்திப்போட்டு வேற தண்ணி வச்சிருக்கிறா. எனக்குத் தெரியும், என்ர கணக்குப் பிழைக்காது."

உண்மை அவர் மூக்குக்கு முன்னால் நின்றது. அவர் தன் கணக்குச் சரி என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

கீழே போய்ப் பார்த்தால் கறுப்பியைக் காணவில்லை. "ஒண்டைக் களவெடுத்தும் போட்டாள்," என்றா அம்மா. போய்க் கேட்போம் என்றேன் நான். "வெள்ளைக்காரரோட சண்டைக்குப் போனால் பொலிஸ்தான் வரும்," என்றார் அப்பா. கிழவி உள்ளே போன பிறகு, ஆணி வாங்கி வந்து பலகையை இறுக்கி அடித்தார். இடைவெளியே தெரியாமல் செங்கல்லும் அடுக்கினார். பெட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் எடுத்து, கை நிறைய உப்புக் கரைத்து வைத்தார்.

"இனி ஒருத்தரும் மாத்தேலாது," என்றார்.

ஓம், ஒருவரும் மாற்றவில்லை. தண்ணீர் உறையவும் இல்லை. அடுத்த மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு முன் கதவில் பெல். நாங்கள் படுத்தோம். "அடிக்கட்டும், களைச்சுப்போட்டுப் போவாள்," என்றா அம்மா.

தள்ளாடிய வெள்ளைக்கோழி அன்று பின்னேரம் விழுந்தது. மற்ற வெள்ளையும் மண்ணிறம் ஒன்றும் அதைப்போலவே ஆடத் தொடங்கின. "நஞ்சு ஏறுது. நிறையத் தண்ணி குடுத்தாத்தான் முறியும்," என்று அம்மா சொன்னா. விழுந்த கோழியைத் தன் சால்வைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டா. பக்கத்தில் ஐஸ்கிரீம் பெட்டி உறையாமல் தயாராக இருந்தது. அதிலிருந்தே தேக்கரண்டியால் அள்ளிச் சொண்டைப் பிரித்து ஊற்றினா. "குடி அம்மா, குடி ராசாத்தி, உன்ர ஆள் வரப்போறா." அம்மா அழுதுகொண்டே ஊற்றினா. கோழி கழுத்தைப் பின்னால் வளைத்து அண்ணாந்து பார்த்தது, பிறகு காலை நீட்டியது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அம்மா அவ்வளவு அன்பாக எனக்கு மருந்து பருக்கியதாக நினைவில்லை.

ஒவ்வொன்றாக நாலும் போயின. குடித்துக்கொண்டேதான் போயின. கடைசியாக நின்ற மண்ணிறக் கோழி பெட்டிக்குள் தலையை விட்டபடியே சரிந்து கிடந்தது.

நிலம் மண்வெட்டிக்கு இடம் கொடுக்கவில்லை. இரும்பில் இரும்பு அடித்த மாதிரி ஓசை வந்தது. அப்பா அவற்றைத் துணியில் சுற்றிக் கொட்டிலுக்குள் வைத்தார். குளிர் விட்ட பிறகுதான் புதைத்தோம். அதற்குள் அன்ரி யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தார். இரைச்சலுக்குள்ளால், "மாஸ்டர், என்ர பிள்ளையள் என்ன செய்யினம்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. அப்பா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நல்லாயிருக்கினம்," என்றார்.

அன்ரி வந்தார். ஸ்நோ முழுக்கக் கரைந்து, வளவு சேறாகக் கிடந்த ஒரு சனிக்கிழமை. வெயிலில் கறுத்திருந்தார். ஒரு கையில் எங்களுக்குப் பனையோலைக் குட்டானில் பனங்கட்டி, மறு கையில் ஒரு சின்னத் துணிப் பை. "இது பிள்ளையளுக்குத் தின்ன, குரக்கன். என்ர அம்மா குடுத்துவிட்டவ," என்றார். இருங்கோ அக்கா, தேத்தண்ணி போடுறன் என்று அம்மா மறித்ததைக் கவனிக்காமல் சமையலறையால் நேரே பின்வளவுக்குப் போனார்.

"பா... பா... பா..." என்று கூப்பிட்டார்.

கூடு வெறுமையாக இருந்தது. நாங்கள் மூவரும் பின்னால் வந்து நின்றோம். அவர் மறுபடி கூப்பிட்டார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கோழி பதில் சொன்னது.

அன்ரி வேலியைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அம்மாவால் அடக்க முடியவில்லை. "அக்கா, அந்தக் கிழவி நஞ்சு வச்சுச் சாக்காட்டிப்போட்டாள். நாலும் செத்துப்போச்சுது. ஒண்டைக் களவெடுத்து வச்சிருக்கிறாள். நாங்கள் கண்ணால கண்டனாங்கள்."

அன்ரி கூட்டுக்குள் குனிந்து ஐஸ்கிரீம் பெட்டியை எடுத்தார். தண்ணீர் வற்றி, உள்விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருந்தது. அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"மாஸ்டர், இது என்ன?"

"உப்பு," என்றார் அப்பா. "தண்ணி உறையாமல் இருக்க. உப்புக் கரைஞ்சா உறைநிலை..." அந்த வசனம் அங்கேயே நின்றது. அவர் அதை எத்தனையோ வகுப்புகளில் முடித்திருப்பார்.

"எவ்வளவு போட்டனீங்கள்?"

அப்பா இரண்டு கையையும் சேர்த்துக் குழித்துக் காட்டினார்.

"உப்புக் கூடினா கோழிக்கு நஞ்செல்லோ," என்றார் அன்ரி மெதுவாக. "இது தெரியாதே உங்களுக்கு?"

அப்பாவின் கை குழித்தது குழித்தபடியே இருந்தது. அம்மா தன் சால்வையை இழுத்து வாயைப் பொத்தினா. மடியில் வைத்துத் தேக்கரண்டியால் ஊற்றியது அவவுக்கு அந்த நேரம்தான் நினைவு வந்திருக்க வேண்டும். எனக்கும் அதுதான் வந்தது. எல்லோரும் வீட்டுக்குள் வந்தோம். ரீவியில் என்னவோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பெல் அடித்தது.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அந்த நிலையிலும் அம்மாவின் கை ரிமோட்டுக்குப் போனது, ரீவியின் சத்தம் இறங்கியது. நான் சோபாவுக்குப் பின்னால் குந்தினேன். ஏ.எல். வகுப்புகளை நிமிர்ந்து நின்று நடத்திய அப்பா, யன்னலில் தெரியாமல் இருக்க முதுகை வளைத்து நின்றார்.

அன்ரி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன செய்யிறியள் நீங்கள்?" என்றார். போய்க் கதவைத் திறந்தார்.

ஊதாத் தொப்பிக் கிழவி மட்டைப் பெட்டி ஒன்றை அணைத்தபடி நின்றா. பெட்டிக்குள்ளிருந்து கறுப்பி தலையை நீட்டிப் பார்த்தது. அந்தக் கூப்பிட்ட குரலைக் கேட்டதும் இது துள்ளத் தொடங்கிவிட்டது, சொந்தக்காரி வந்துவிட்டாள் என்று விளங்கிக்கொண்டேன் என்றா கிழவி. தண்ணீரைத் தான் நக்கிப் பார்த்ததாகவும், உப்பென்று கண்டதும் பயந்துபோனதாகவும் சொன்னா. தினமும் அதை ஊற்றிவிட்டுச் சூடான நல்ல தண்ணீர் வைத்திருக்கிறா. கறுப்பி ஒருநாள் நோயோடு இடைவெளியால் நுழைந்து அவவின் பக்கம் வந்து விழுந்திருக்கிறது. சமையலறையில் பொய்லருக்குப் பக்கத்தில் வைத்துத் துளித்துளியாகத் தண்ணீர் பருக்கிப் பிழைக்க வைத்திருக்கிறா. மற்றவற்றைப் பற்றி அன்ரி சொன்னதும் கிழவியின் சின்ன வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டது.

பிறகு அன்ரியின் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்து, வளைந்து நின்ற அப்பாவிடம் சொன்னா: "நான் கதவைத் தட்டினேன். நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது எனக்குக் கேட்டது."

அதில் கோபமே இல்லை. அதுதான் எங்களை அடித்துப்போட்டது.

அப்பா நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். "நான் ஒரு கெமிஸ்ட்ரி ரீச்சர்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாரோ என்னவோ, வந்தது அதுதான். கிழவி தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை அன்ரியிடம் கொடுத்தா.

அன்ரி தேத்தண்ணி குடிக்கவில்லை. கறுப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குரக்கன் பையையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாறன் தங்கச்சி," என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாவைப் பார்த்து, "வாறன் அண்ணை," என்றார்.

அண்ணை. மரியாதையான சொல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளிலும் கோயில்களிலும் கண்டோம். அன்பாகத்தான் கதைப்பார், அண்ணை என்றுதான் கூப்பிடுவார். மாஸ்டர் என்று அவர் கூப்பிட அப்பா காத்திருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தோசைமா ஏன் பொங்குகிறது என்று அப்பா பிறகு எங்களுக்குச் சொன்னதில்லை.

அந்த மண்டபத்தில் நான் வட்டிலப்பத்தைத் தொடாமல் இருந்தது இதனால்தான். எனக்கு இப்போது சொந்த வீடு இருக்கிறது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை. நேற்றுப் பின்னேரம் பெல் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்னுடைய பார்சல் ஒன்றை வாங்கி வைத்திருந்து கொடுக்க வந்திருந்தார். நான் எழும்பிப் போய்த் திறந்தேன். ஆனால் எழும்ப முன்னம் ரிமோட்டை எடுத்து ரீவியின் சத்தத்தைக் குறைத்திருந்தேன்.